அஞ்சலை வீட்டுக் கற்றாழை

கற்றாழையைப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே சொன்னாலும் நம்பாதீர்கள். கிட்டே போய் மோந்து பாருங்கள். அடிமடலை இரண்டு விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். மற்றச் செடிகளுக்கு ஒரு நோவு என்றால் வாடிக் காட்டும், பழுத்துக் காட்டும், இலையை உதிர்த்துக் காட்டும். கற்றாழை கமுக்கமான செடி. உள்ளே கூழாகிப் போன பிறகும் வெளியே பச்சையாக நின்று ஆளை ஏமாற்றும்.

தெப்ராவில் இந்த நாற்றுப் பண்ணைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். மண் கலப்பது, சட்டி மாற்றுவது, கன்று பிரிப்பது எல்லாம் கை பழகினால் வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. செடி சாகும்போது யாரைச் சந்தேகப்படுவது என்பதுதான் கஷ்டம். அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். குழம்பில் உப்பு கூடினால்கூட யார் போட்டது என்று விசாரணை வைப்பவன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இருக்கட்டும்.

மலாயாவுக்குச் சப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்தி, லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் துரை பங்களாவின் பூந்தோட்டம் என் பொறுப்பில் இருந்தது. அந்தத் துரைக்குக் கற்றாழைப் பைத்தியம். எங்கேயோ மழையே பெய்யாத நாட்டிலிருந்து தடித்த மடல் வைத்த ஒரு கற்றாழையைக் கொண்டுவந்து, நீலப்பூப் போட்ட சீனச் சாடியில் வைத்து, வராந்தாவில் நிறுத்தியிருந்தார். ஜொகூர் மழையில் அதை உயிரோடு வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று அவருக்கு என்ன தெரியும்? நான் உடைந்த செங்கல்லையும் ஆற்றுமணலையும் சலித்துப் போட்டு, சாடியின் அடியில் கூடுதலாக ஓட்டை போட்டு, சாரல் படாத மூலையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அப்படியும் அது அடியில் கறுத்தது. நாற்றமும் வந்தது.

எனக்குப் பங்களாவில் சமைக்கும் குசினிக்காரர் மேல் சந்தேகம். அவர் ஹைலாம் சீனர், என்னோடு அதிகம் பேசமாட்டார். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாடியில் கொட்டுகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மண்ணைத் தொட்டுப் பார்த்தால் வழவழவென்று சோப்பு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நேராகக் குசினிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர், "சயா தா தாவு" என்று மலாயில் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கோழியை வெட்டப் போய்விட்டார். அந்தப் பதிலே எனக்குப் பெரிய சந்தேகமாகப் பட்டது.

மறுநாள் விடிந்ததும் செம்பருத்திப் புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். துரைதான் வந்தார். தோளில் துண்டு, முகத்தில் பாதி நுரை. சவரம் செய்த குவளைத் தண்ணீரைச் செல்லமாகச் சாடியில் ஊற்றினார். ஊற்றிவிட்டு அதனிடம் இங்கிலீஷில் ஏதோ பேசவும் செய்தார்.

நீங்கள்தான் கொல்கிறீர்கள் என்று துரையிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? சாடியை வராந்தாவின் கடைசிக்கு நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும் ஒரு பெரணிச் செடியை வைத்தேன். சில நாள் கழித்துத் துரை என்னைக் கூப்பிட்டு ஏன் மாற்றினாய் என்று கேட்டார். அந்தக் காலத்துத் துரைமார் தமிழ் படித்துப் பரீட்சை எழுதியவர்கள். "தண்ணி, துரை" என்றேன். அவர் கையிலிருந்த குவளையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. பிறகு நான் குசினிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். குசினிக்காரர் காப்பி கொடுத்தார், சர்க்கரை போடாமல். அது மறதியா, கோபமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

செடி செத்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அப்புறம் தண்ணீர் ஊற்றும் ஆளை. அந்த ஆள் பெரும்பாலும் செடிமேல் உயிரை வைத்திருப்பவராகத்தான் இருப்பார். இதை அன்றைக்கே படித்துக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் வராந்தாவில் படித்த பாடம் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் போனதும் எனக்கு மறந்துவிட்டது.

லயத்தில் நடந்தது அதற்கடுத்த வருஷம். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. எல்லாத் தோட்டங்களிலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். செக்ரோல் என்ற ஆள் பதிவில் பெயர் வெட்டினால் மறுநாளே தட்டுமுட்டுச் சாமானோடு ஸ்டேஷன், அங்கிருந்து கப்பல். யாரை வெட்டுவது என்று துரைக்குச் சொல்வது கங்காணி. அதனால் லயத்தில் யாரும் யாரோடும் மனம்விட்டுப் பேசுவதில்லை. இரண்டு பேர் குழாயடியில் குசுகுசுவென்று பேசினால் மூன்றாவது ஆள் தன் பெயர்தான் அடிபடுகிறது என்று நினைப்பான்.

அந்த வருஷத்தில்தான் எல்லா வீட்டு வாசலிலும் கற்றாழை கேட்டு வாங்கித் தொங்கவிட்டார்கள். நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேர்ப்பக்கம் மேலே, மடல் கீழே, நிலைப்படிக்கு நேராகக் கயிற்றில் கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்தால் திருஷ்டி அண்டாது. மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் அது உயிரோடு இருக்கும். அது செழித்தால் வீட்டுக்கு நல்லது, அழுகினால் யாருடைய கண்ணோ பட்டுவிட்டது என்பார்கள். பங்களாவில் நான் போட்டிருந்த மணல்பாத்தியிலிருந்து பக்கக் கன்றுகளைப் பிரித்து வீட்டுக்கு ஒன்றாக நான்தான் கொடுத்தேன்.

வருஷக் கடைசி மழை பிடித்துக்கொண்டது. முதலில் கங்காணி வீட்டுக் கற்றாழை அழுகி, மடல் மடலாக வாசலில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கங்காணியின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்து பக்கத்து வீடு. அப்புறம் அதற்கடுத்த வீடு. வரிசையாக அழுகிக்கொண்டே போய்க் கடைசி வீட்டில் வந்து நின்றுவிட்டது. கடைசி வீடு அஞ்சலையுடையது.

அஞ்சலை புல்வெட்டுக்குப் போகிறவள். புருஷன் அதே தோட்டத்தில் மலேரியாவில் போய்விட்டான். ஒரு பெண்குழந்தை, அதை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. பெற்றவர்களும் இல்லை, புருஷன் வீட்டார் அவளைச் சேர்க்கவும் மாட்டார்கள். கப்பல் ஏற்றினால் நாகப்பட்டினத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவள் வாசலில் தொங்கிய கற்றாழை மட்டும் கொழுகொழுவென்று, தலைகீழாகத் தொங்கியபடியே நுனியை மேலே வளைத்துப் புதுக்குருத்து விட்டுக்கொண்டிருந்தது.

லயம் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். எல்லார் வீட்டு உயிரையும் அவள் வீட்டுச் செடி உறிஞ்சுகிறது என்றார்கள். புருஷனை விழுங்கியவள், இப்போது பிள்ளையை விழுங்கப் பார்க்கிறாள் என்றார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

கங்காணி பங்களாவுக்கே என்னைத் தேடி வந்தார்.

"மாரிமுத்து, நாளைக்குக் காலைப் பெரட்டுல ஆளுங்க வரிசையில நிக்கும்போது துரை முன்னால உன்னைக் கூப்பிடுவேன். நீ செடிக்காரன். சும்மா செடி இப்படி அழுவாது, மனுஷக் கை பட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"யாரு கைன்னு கேட்டா என்ன சொல்றதுங்க?"

"அதை ஏன் நீ சொல்றே? ஆளுங்க சொல்வாங்க." போகிற போக்கில் திரும்பி, "பங்களாவுலயும் ஆள் அதிகம்னு துரை சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, எனக்கும் அஞ்சலைமேல் சந்தேகம் இருந்தது. சில நாளுக்கு முன் அவள் வேலிப் பக்கம் நின்று, "கத்தாழை எதுனால செத்துப் போகும்ணே?" என்று கேட்டிருந்தாள். அந்த நேரத்தில் யாருக்கு வேண்டும் அந்தக் கேள்வி? உப்பு வைக்கிறாளா, சுடுதண்ணீர் ஊற்றுகிறாளா என்று என் மூளை தறிகெட்டு ஓடியது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று மத்தியானமே லயத்துக்குப் போனேன். அன்றைக்கு மழையால் வேலை இல்லை. எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தார்கள். நான் பின்பக்கமாக நடந்தேன்.

பிடித்தும்விட்டேன். அஞ்சலை அடுப்படிக்கு வெளியே குந்தியிருந்தாள். வாசல் கற்றாழையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, பால் டின்னால் அதன் அடித்தண்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?" என்று கத்தினேன். டின் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"என் வீட்டுச் செடிதாண்ணே. வேற யாரோடதும் இல்ல."

"உன் செடியைக் கொண்டுபோய் ஏன் இப்படி முக்கறே?"

"சாகட்டும்னுதான்." அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். "எல்லாரு வீட்டுலயும் அழுவிருச்சு. என் வீட்டுல மட்டும் நல்லா இருந்தா விடுவாங்களா? உங்ககிட்டக் கேட்டேன், நீங்க ஒண்ணும் சொல்லாம முறைச்சீங்க. அதான் ரெண்டு மூணு நாளா அவங்க செய்யறதை நானும் செஞ்சு பாக்கறேன்."

"அவங்க என்ன செய்யறாங்க?"

"தண்ணி ஊத்தறாங்க. முத்தம்மாக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து காலையிலயும் சாயங்காலமும் மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்பிடறாங்க. அவங்க வீட்டுச் செடி அழுவவும், பயந்துக்கிட்டு எல்லாரும் ஊத்த ஆரம்பிச்சாங்க."

முத்தம்மாள் என்பது கங்காணியின் மனைவி. எனக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. ஊரில் வெள்ளிக்கிழமை ஒரு கை மஞ்சள் தண்ணீர் தெளித்தால் அடுத்த நாழிகையில் வெயில் அதைக் குடித்துவிடும். ஜொகூரில் வருஷக் கடைசியில் எது காயும்? தொங்கும் கற்றாழைக்கு வேர் வெட்டிய காயம் மேலே பார்த்து இருக்கிறது. அதிலே இரண்டு வேளையும் ஊற்றினால் நேராகத் தண்டுக்குள் இறங்கும். பயந்து ஊற்றினார்கள், அழுகியது. அழுகியதைப் பார்த்து இன்னும் பயந்து இன்னும் ஊற்றினார்கள்.

"நீ மட்டும் ஏன் முதல்லேர்ந்தே ஊத்தலை?" என்று கேட்டேன். என் சந்தேகம் அப்போதும் என்னை விடவில்லை பாருங்கள்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் எப்படிண்ணே மஞ்சள் தொடறது? புருஷன் செத்தவ மஞ்சத்தண்ணி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கல்ல. இது வெறுந்தண்ணி."

அவள் கையிலிருந்த செடியை வாங்கித் தண்ணீரை உதறித் துணியால் துடைத்துக் கொடுத்தேன். அடித்தண்டை அமுக்கிப் பார்த்தபோது விரல் உள்ளே போனது.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மறுநாள் பெரட்டில் எழுந்து, கங்காணி பெண்சாதியின் மஞ்சள் தண்ணீர்தான் கொன்றது என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயையும், சாமிக்கு ஊற்றிய தண்ணீரையும் குற்றம் சொன்னவனை யார் நம்புவார்கள்? அஞ்சலை உன்னையும் மயக்கிவிட்டாள் என்றுதான் பேச்சு வரும். அப்புறம் அவளோடு நானும் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியதுதான். உண்மையைக் கையில் வைத்திருப்பது பெரிய விஷயமில்லை, அதை முதலில் யார் கையில் கொடுப்பது என்பதுதான் விஷயம். நான் பெரட்டுக்குக் காத்திராமல் நேராக முத்தம்மாளிடம் போனேன்.

கங்காணி வீட்டில் இல்லை. முத்தம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் கொடுத்த கொய்னா மருந்தில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அவதான் உங்களை அனுப்பினாளா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் வார்த்தை.

"யாரும் அனுப்பலைம்மா. உங்க வாசல்ல கட்டின செடியோட மிச்சத்தைப் பாக்கணும்."

வாசலில் இன்னும் கயிற்றில் தொங்கிய அடித்தண்டை அறுத்தெடுத்து, அவள் முன்னால் கத்தியால் இரண்டாகப் பிளந்தேன். கற்றாழைக்குத் தன் பாலே மஞ்சள்தான். ஆனால் அது தோலோரமாக நிற்கும், நடுவுக்கு வராது. இதில் நடுத்தண்டு முழுக்க மஞ்சள் ஊறியிருந்தது. அதிலே குங்குமச் சிவப்பும் கலந்திருந்தது. அவளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளைக்காகத்தான் ஊத்தினேன்" என்றாள் மெதுவாக.

"தெரியும்மா. பிள்ளை பிழைச்சுக்கிச்சுல்ல. அது போதும்."

"அவருக்குத் தெரிஞ்சா?"

கத்தியைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் புருஷனிடம் சொல்வாளா, சொல்லாமல் மறைப்பாளா, நான் வந்துபோனதையே எனக்கு எதிராகத் திருப்புவாளா என்று எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் தூறல். ஆட்கள் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அஞ்சலைக்கு இரு பக்கமும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டிருந்தார்கள். கங்காணி விஷயத்தைத் துரைக்குச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மழைதான் காரணம், துரை" என்றேன். "இந்த மாசத்து மழையில எந்தக் கத்தாழையும் அழுவும்."

கங்காணியின் முகம் கறுத்தது. "அப்ப அவ வீட்டுல மட்டும் மழை பெய்யலையா? அது ஏன் நேத்துவரைக்கும் செழிப்பா இருந்துச்சு? சொல்லு."

எல்லாருடைய கண்ணும் அஞ்சலை மேல். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னால் முத்தம்மாள் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அஞ்சலை போய்விடுவாள். வாயைத் திறந்தும்விட்டேன்.

"அவ ஊத்தலை, அதான்."

பேசியது நானில்லை. களத்துக்கு வேலையாள் அல்லாத பெண்கள் வருவதில்லை. முத்தம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சேலையைத் தலையில் இழுத்துவிட்டு, ஓரத்தில் வந்து நின்றிருந்தாள். "நாங்க எல்லாரும் மஞ்சத்தண்ணி ஊத்தினோம், அழுவிருச்சு. அவளை ஊத்தக்கூடாதுன்னு சொன்னது நான். அதான் அவளோடது அழுவலை. அவ்வளவுதான். பிள்ளை நனையுது, நான் போறேன்."

துரை என் பக்கம் திரும்பினார்.

"தண்ணியா?" என்றார்.

"தண்ணிதான், துரை."

அவருக்குக் காது மறுபடியும் சிவந்தது. வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. "போ, போ, வேலைக்குப் போ" என்று எல்லாரையும் விரட்டிவிட்டு நடந்துவிட்டார். அன்றைக்கு அஞ்சலையின் பெயர் வெட்டப்படவில்லை. கங்காணி அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்தில் இருந்த காலமெல்லாம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் எப்போது என் காலை வாருவார் என்று நானும் அவரைச் சந்தேகத்தோடேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மழை விட்டதும் லயத்துக்காரர்கள் புதுக்கன்று கேட்டு வந்தார்கள். யாரும் தண்ணீர் காட்டக்கூடாது, தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். கடைசியாக அஞ்சலை வந்தாள். அவள் ஊற்றிய தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டது. அவள் செடியும் அழுகிப் போயிருந்தது. இவள் பட்ட பாட்டுக்கு இருக்கட்டும் என்று, பாத்தியிலேயே பெரிதாக, மடல் தடித்து நின்ற கன்றைத் தேடிப் பிடுங்கி, மண்ணைத் தட்டிக் கொடுத்தேன். மனதுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் கையை நீட்டவில்லை.

"இது வேணாம்ணே" என்றாள். "எல்லாரு வீட்டுலயும் இருக்கறதவிடக் கொஞ்சம் மெலிஞ்சதாப் பாத்துக் குடுங்க."

நான் தேடி ஒரு மெலிந்த கன்றைக் கொடுத்தேன். அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, வாங்கிக்கொண்டு போனாள்.

நீங்கள் கன்று பிரித்து விற்கும்போது, தெரிந்தவர் வந்தால் நல்லதாகப் பார்த்துக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். ஒரே தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே அளவாகப் பொறுக்கி வையுங்கள். நான் அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன்.